சிவப்பு விழாத ரிப்போர்ட்

சென்னை வேலையை விட்டுச் செஞ்சிக்கு வந்த பிறகு நான் எழுதிய முதல் சாஃப்ட்வேர் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபுக்கானது. மெஷின் தரும் எண்களை வாங்கி ரிப்போர்ட்டாக அச்சடிக்கும், அவ்வளவுதான். லேபைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவார். குழந்தை அழுவதற்குள் ரத்தம் எடுத்து முடித்துவிடும் கை.

அவரிடமிருந்து வாரத்துக்கு நாலு போன் வரும். "தம்பி, மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கு ஹீமோகுளோபின் அளவு வேற. அத மாத்தணும்." "தம்பி, பொட்டாசியம் ஆறுக்கு மேல போனா செவப்புல காட்டணும்." எல்லாம் ஒரு வரி மாற்றம்தான். ஆனால் கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் மட்டுமே படிக்கும்படி மாற்றி, கொடுத்துவிட்ட புரோகிராமுக்குள் அவரால் கைவைக்க முடியாது. நான்தான் வீட்டில் திருத்தி, முழுசாக மறுபடி கம்பைல் செய்து, பென் டிரைவில் எடுத்துப்போய் ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் புரோகிராமுக்குள் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் வசதி வைத்தேன். அக்கா தன் விதிகளைத் தனி ஃபைலில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் முன்னால் புரோகிராம் அதை மேலிருந்து கீழே படித்து அதன்படி நடக்கும். ரெண்டு மத்தியானம் உட்கார்ந்து காட்டினேன்.

"இவ்ளோதானா? இது இப்டி இருந்தா அதப் பண்ணு. இதத்தான நாள் பூரா வாயால சொல்லிக்கினு இருக்கேன்" என்றார்.

போன் வருவது நின்றது. அப்போதுதான் எனக்குப் பயம் ஆரம்பித்தது. நான் எழுதாத, பார்க்காத வரிகள் என் புரோகிராமுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. முடிவே இல்லாமல் சுற்றும் வரியை எழுதிவிட்டால்? அதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்தேன். பழைய ரிப்போர்ட்டுகளை அழித்துவிட்டால்? ஸ்கிரிப்ட் அந்தப் பக்கமே போக முடியாதபடி தடுத்தேன். ஒன்றில் மட்டும் தப்புச் செய்தேன். ஒரு வரியில் பிழை வந்தால் திரையில் இங்கிலீஷில் ஒரு பெட்டி வரும். நோயாளிகள் எதிரே அக்கா தடுமாறக் கூடாதே என்று, பிழை வந்தால் ஒன்றும் சொல்லாமல் ரிப்போர்ட்டை அச்சடித்துவிடும்படி எழுதினேன். அதை ஒரு மரியாதை என்றே நினைத்தேன்.

மழை விட்ட ஒரு நாள், பன்னிரண்டு மணி இருக்கும், அக்கா கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, கொஞ்சம் வர்றியா. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு. ரிப்போர்ட்டுல செவப்பே விழல. நானும் மடிச்சிக் கொடுத்துட்டேன்."

நோட்டில் எண்களைப் பதியும்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. லேபுக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். முந்தின நாள் அவர் புதிதாக ஒரு வரியை மேலே சேர்த்திருந்தார், சிறுநீரகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள யூரியாவைக் கிரியாட்டினினால் வகுக்கும் வரி. இந்த நோயாளிக்குக் கிரியாட்டினின் டெஸ்டே எழுதித் தரவில்லை. வகுக்க எண் இல்லாமல் அந்த இடத்தில் ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்த பொட்டாசியம் விதி ஓடவே இல்லை. புரோகிராம் நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு சுத்தமான ரிப்போர்ட்டை அச்சடித்திருந்தது.

"நான்தான் தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. தப்புன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தது என் புரோகிராம்."

"அப்பறம் பேசிக்கலாம். பொட்டாசியம் இவ்ளோ ஏறுனா நெஞ்சே நின்னு போயிடும் தம்பி."

நோயாளி பனமலைக்காரர், சர்க்கரை உள்ள ஒரு பெரியவர். அவர் கொடுத்திருந்த போன் அணைத்துக் கிடந்தது. அடுத்த நாள்தான் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம். அக்கா லேபைச் சாத்தினார், நான் வண்டியை எடுத்தேன். அனந்தபுரம் வழியாகப் போனோம். ரோட்டில் ஓரமாக நடந்துபோன ஒவ்வொரு வெள்ளை வேட்டியையும் திரும்பிப் பார்த்தேன். அந்த வரி சேர்ந்த நேரத்திலிருந்து எத்தனை பேருக்கு இப்படிச் சுத்தமான ரிப்போர்ட் போயிருக்கும் என்ற எண்ணம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன். "நோட்டப் பூரா பாத்துட்டுதான் ஒன்ன கூப்ட்டேன். இவரு ஒருத்தருதான். நீ ஓட்டு" என்றார் பின்னாலிருந்து.

பனமலையில் விசாரித்துப் போனபோது பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ரத்தம் பத்தலையா?" என்றார் அக்காவிடம்.

"பத்துச்சி பெரியப்பா. ஒரு அளவு அதிகமா இருக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். எழுந்திரிங்க."

"சாப்ட்டு வர்றேனே."

"அங்க போய்ச் சாப்டலாம்."

அவர் மருமகளும் கூட வர, ஆட்டோ பிடித்து விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனோம். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆறரை. மெஷின் பொய் சொல்லவில்லை. உடனே ஊசி போட்டு, நெஞ்சுக்கு ஒயர் மாட்டிப் படுக்க வைத்தார்கள். அவர் மூன்றாம் நாள் வீடு திரும்பினார். கூட்டிப்போன அன்று சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றேன். அந்த மருமகள் எனக்கும் ஒரு டீ வாங்கி வந்து, "நீங்க லேபுல வேல செய்றீங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

ஸ்கிரிப்ட் வசதியையே எடுத்துவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"எடுக்காத. எடுத்தா மறுபடி ஒனக்குப் போன் போட்டுட்டுக் காத்துக் கெடக்கணும். அதுக்குள்ள வேற ஒருத்தருக்கு ஏதாவது ஆவும். தப்பு நடந்தா கத்தச் சொல்லு. யாரு பாத்தா இன்னா."

இப்போது ஒரு விதி தடுக்கினால் அந்த விதி மட்டும்தான் நிற்கும், மற்றவை ஓடும். எந்த வரி, எந்த டெஸ்ட் என்று திரையில் தமிழில் வரும். அக்கா பார்த்து ஒப்புக்கொள்ளாமல் ரிப்போர்ட் அச்சாகாது. அக்கா தானாகவே இன்னொன்றும் செய்தார். இல்லாத பத்து நோயாளிகளைப் பெயரோடு உருவாக்கி வைத்திருக்கிறார். விதி எதை மாற்றினாலும் முதலில் அந்தப் பத்துப் பேருக்கும் ரிப்போர்ட் போட்டுப் பார்ப்பார். அதில் ஒருவருக்குக் கிரியாட்டினின் கிடையாது.

போன வாரம் அனந்தபுரத்தில் இன்னொரு லேப்காரர் என்னைப் போனில் அழைத்து, உங்கள் சாஃப்ட்வேர் வேண்டும் என்றார். விதிகளை அக்கா ஏற்கெனவே அவருக்குக் காப்பி செய்து கொடுத்துவிட்டாராம். அங்கே மெஷின் வேறு, அளவுகள் வேறு; இங்கே சரியாகச் சிவப்புக் காட்டும் விதி அங்கே காட்டாமல் போகலாம். போனை வைத்துவிட்டு உடனே வண்டிச் சாவியைத் தேடினேன்.