அட்டை மறைத்த தீவு

தாம்பரத்தில் நான் சரித்திரம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தை யாரும் மதித்ததில்லை. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. எனக்குக் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். பரீட்சை நெருங்கினால் என்னைக் கேட்காமலேயே என் பீரியடை அறிவியலுக்குக் கொடுத்துவிடுவார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் புத்தகம் படிக்கிறவள் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது.

தாளாளர் உள்ளூர்க்காரர். மாடம்பாக்கம் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஏகப்பட்ட நஞ்சை இருந்தது. எல்லாம் மனைகளாகிக் கைமாறிவிட்டன. மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்று யாரும் வாங்காமல் மீந்துபோன துண்டில் பள்ளிக்கூடம் கட்டினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வலது கையில் நான்கு மோதிரங்கள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் உயர்ந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சுற்றியிருந்த காலனிகளின் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களும் அதே நம்பிக்கையில்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால் பள்ளிக்கூடம் அமோகமாக நடந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுலா. சுற்றுலா என்றால் வண்டலூர். தூங்குகிற சிங்கத்தை அதே பிள்ளைகள் ஐந்தாறு வருஷமாகப் பார்த்துவிட்டு, வேனில் வாந்தி எடுத்தபடி திரும்புவார்கள். ஒரு வருஷம் மாறுதலுக்குத் திருநீர்மலை கூட்டிப்போனோம். படியேறி, படியிறங்கி, புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதற்கடுத்த வருஷம் எங்கே போவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தியேட்டரின் மேனேஜர் கையில் சுருட்டிய போஸ்டரோடு வந்தார்.

போஸ்டரில் பெரிய அலை, அதன் மேல் இரட்டைப் படகு, உடம்பெல்லாம் பச்சை குத்திய ஓர் ஆள், தலையில் பூ வைத்த ஒரு பெண். பசிபிக் தீவு மக்களைப் பற்றிய சரித்திர சாகசப் படம் என்றார். "காலைல ஸ்பெஷல் ஷோ போட்டுத் தரோம் சார். புள்ளைங்களுக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்."

தாளாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா டீச்சர், இது ஹிஸ்டரிதான? நம்ம பாடத்துல கீதா?"

பாடத்தில் இல்லை. எங்கள் புத்தகத்தில் அந்தத் தீவுகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான். ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவன் அவற்றைக் கண்டுபிடித்தான் என்று. அவன் கண்டுபிடித்தபோது அங்கே குடியிருந்தவர்களுக்கு அரை வரிகூடக் கிடையாது. ஆனால் நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் நான் அவர்களைப் பற்றிப் படித்திருந்தேன். திசைகாட்டி இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் வைத்து ஆயிரக்கணக்கான மைல் கடலைத் தாண்டியவர்கள். அதைத் திரையில் பார்க்க எனக்கே ஆசை.

"இருக்கு சார்," என்றேன். "எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் ரொம்ப உபயோகமா இருக்கும்."

"அப்ப நீயே சர்க்குலர் எழுதிடும்மா. எஜுகேஷனல்னு ஒரு வார்த்தை போட்டுக்கோ."

நான் மூன்று இடத்தில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை இருநூறு பிள்ளைகளை இரட்டை வரிசையாக ஸ்டேஷன் சுரங்கப்பாதை வழியாக நடத்திக் கூட்டிப்போனோம். தியேட்டரில் முந்தைய இரவின் பீடிப் புகை இன்னும் நாறியது. ஆசிரியர்களுக்கு பால்கனி. பிள்ளைகள் கீழே, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். படம் ஆரம்பிக்கும் முன் தாளாளர் மைக் பிடித்தார். "இது ஆதிவாசிங்க கத. அவங்க எப்பிடி இருந்தாங்க, நாம எவ்ளோ முன்னேறிக்கீறோம்னு இத்தப் பாத்தாத் தெரியும்." கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல் பத்து நிமிஷம் கடல். ஓர் ஆள் மரத்தை வெட்டிக் குடைந்து படகு செய்கிறான். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கிராமம் வந்தது. கரையில் பெண்கள் உட்கார்ந்து கிழங்கு இடித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்கு மேலே அவர்கள் எதுவும் உடுத்தவில்லை. படத்துக்குள் இருந்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் தியேட்டரில் இருநூறு பேர் கவனித்தார்கள்.

ஆண்கள் பக்கமிருந்து விசில் கிளம்பியது. கணக்கு டீச்சர் பால்கனிக் கைப்பிடியில் சாய்ந்து, "கேர்ள்ஸ், எல்லாரும் தலையக் குனிங்க," என்று கத்தினார். பெண்கள் குனிந்து, விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள்.

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "இன்னா டீச்சர் இது?"

"சார், அவங்க ஊர்ல அந்தக் காலத்துல அப்படித்தான்..."

"அவங்க ஊர்ல எப்பிடி வேணா இருந்துக்கினு போட்டும். இது தாம்பரம்."

விடுவிடுவென்று ஆபரேட்டர் ரூமுக்குப் போனார். சற்று நேரத்தில் திரையில் ஒரு பெரிய கையின் நிழல் விழுந்தது. ஒளி வருகிற துளையைத் தாளாளர் தன் கையாலேயே மூடிக்கொண்டிருந்தார். மோதிரங்களின் புடைப்புகூட மங்கலாகத் தெரிந்தது. விரல்களுக்கு நடுவே மட்டும் துண்டு துண்டாகக் கடற்கரை. கை வலித்தது போலிருக்கிறது. பிறகு எங்கிருந்தோ ஓர் அட்டையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்ததைப் படம் என்று சொல்ல முடியாது. கிழவர்கள் வந்தால் அட்டை விலகும். பெண் வந்தால் அட்டை. அந்தத் தீவில் பெண்கள் இல்லாத இடமே இல்லை. மேளச் சத்தம், சிரிப்பு, தண்ணீர் தெறிக்கிற ஓசை எல்லாம் இருட்டிலிருந்து வந்தன. ஒன்றும் தெரியாத திரையைப் பார்த்து விசில் இன்னும் பலமானது. இரண்டு கூட்டத்துக்குச் சண்டை என்பதும், தோற்ற கூட்டம் புதுத் தீவு தேடிப் படகில் புறப்படுகிறது என்பதும் எப்படியோ புரிந்தது. தலைவனின் மகளும் அந்தப் படகில் ஏறிவிட்டாள். அதனால் அதன் பிறகு கடலே தெரியவில்லை.

இடைவேளையில் தாளாளர் வியர்த்து இறங்கி வந்தார். "நிறுத்து," என்றார். இருநூறு பேரைப் பாதியில் வெளியே அனுப்பினால் பெயர் கெட்டுவிடும் என்று மேனேஜர் பயந்தார்.

"சார், போன வாரப் படத்துப் பெட்டி இன்னும் இங்கதான் இருக்கு. ரெண்டு ரீல் போடட்டுமா?"

"இன்னா படம்?"

"தமிழ்ப் படம் சார். ஃபேமிலி படம்."

போட்டார்கள். மழையில் ஒரு பாட்டு. கதாநாயகி வெள்ளைப் புடவையில் நனைந்துகொண்டு ஓடினாள். கதாநாயகன் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே துரத்தினான். கேமரா எங்கெங்கோ போய் நின்று நிதானமாகப் பார்த்தது. அது முடிந்ததும் வில்லன் ஒரு பெண்ணை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். அடுத்த காட்சியில் நகைச்சுவை நடிகர் வாழைக்காய் விற்கிறவளிடம் என்னவோ கேட்டார், தியேட்டரே சிரித்தது. பெண்கள் தலையை நிமிர்த்திவிட்டார்கள். கணக்கு டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திச் சிரித்தார். தாளாளர் ஒரு கலர் சோடாவை வைத்துக்கொண்டு, பாட்டுக்கு மோதிரக் கையால் நாற்காலியில் தாளம் போட்டார். அட்டை ஆபரேட்டர் ரூமிலேயே கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். காலனிக்காரர்கள் கொதித்துப்போய் வந்திருந்தார்கள். வங்கி அதிகாரி ஒருவர் முதலில் எழுந்தார். ஞாயிறு தவறாமல் பள்ளிக்கு ஆலோசனைக் கடிதம் எழுதுகிறவர்.

"மேடம், நாங்க டீசன்ட் ஃபேமிலி. என் பொண்ணு நேத்துலேருந்து சரியா சாப்பிடல. இதுதான் உங்க எஜுகேஷனா?"

"சார், அதுக்கப்புறம் ஒரு படம் போட்டாங்களே, அதப் பத்தி உங்க பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"அது தமிழ்ப் படம் மேடம். அத நாங்க போன வாரமே குடும்பத்தோட பாத்துட்டோம்."

அவர் அதைத் துளிக்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த வரிசை முகங்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு சின்னக் குழப்பம் இல்லை.

தாளாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர் சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. நான் அப்பவே வேணான்னுதான் சொன்னேன்." பிறகு என் முன்னால் ஒரு தாளை வைத்தார். நடந்ததற்கு வருந்துகிறேன், இனிமேல் பாடத்துக்கு வெளியே எதையும் மாணவர்களிடம் பேசமாட்டேன் என்று தட்டச்சு செய்திருந்தது.

முந்தைய இரவு முழுக்க நான் மனதுக்குள் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். அவ்வளவு பேருக்கும் உறைக்கிற மாதிரி. நடந்தது என்னவென்றால், அவர் அப்போதே வேண்டாம் என்றது பொய் என்றுகூட நான் சொல்லவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தாளாளரையும் வங்கி அதிகாரியையும் நினைத்தால் இன்றும் எனக்கு இளக்காரம்தான். ஆனால் அந்தக் கையெழுத்து நன்றாக, தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். அவள் அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பது மட்டும் தெரியும்.

"மிஸ், அந்தப் படகு போய்ச் சேந்துச்சா?"

"பாடத்தைப் பாரு," என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. புதன்கிழமை பல் வலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குத் தனியாகப் போனேன். எங்கள் பள்ளியின் கூச்சல் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மேனேஜர் அதை வீணாக்கவில்லை. போஸ்டரின் குறுக்கே 'துணிச்சலான காட்சிகள்' என்று ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருந்தார். தியேட்டர் நிறைய ஆண்கள். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். படம் ஓட ஓட அவர்களுக்கு எரிச்சல் ஏறியது. மரம் வெட்டுகிறார்கள், கயிறு திரிக்கிறார்கள், தாகத்தில் வாடுகிறார்கள். எனக்கு முன் வரிசையில் ஒருவன் சொன்னான்: "இன்னா மச்சான், படகு படகாவே காட்றான். பேஜார் படம்." இடைவேளைக்குப் பிறகு பாதித் தியேட்டர் காலி.

படமும் அப்படியொன்றும் உயர்ந்ததில்லை. தீவுக்காரர்கள் அமெரிக்க ஆபீஸ்காரர்கள் மாதிரி ஆங்கிலம் பேசினார்கள். புயல் அடித்து ஓய்ந்த பிறகும் கதாநாயகனின் தலை கலையவில்லை. கடைசியில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கொடியோடு வந்து நின்றது, அதுவரை நடந்ததெல்லாம் அதற்கான முன்னுரை என்பதுபோல. ஆனால் நடுவில் ஒரு பத்து நிமிஷம் இருந்தது. வழி காட்டுகிற கிழவர் மேகம் மூடிய நாளில் படகின் அடியில் மல்லாந்து படுத்து, முதுகில் அலை மோதுவதை வைத்தே திசை சொல்கிறார். மற்றவர்கள் மூச்சுவிடாமல் காத்திருக்கிறார்கள். அந்த வழியே போய் ஒரு காலையில் கரையைப் பார்க்கிறார்கள். இருநூறு பிள்ளைகள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

வியாழக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் வாசலில் வெள்ளைச் சீருடையில் ஓர் அம்மா நின்றிருந்தார். பக்கத்தில் மூன்றாவது பெஞ்சுப் பெண்.

"நீங்கதான் ஹிஸ்டரி டீச்சரா? நேத்து ஈவினிங் ஷோவுக்கு இவளக் கூட்டிட்டுப் போனேங்க. படகு என்ன ஆச்சுன்னு ஒரே நச்சரிப்பு."

"உங்களுக்கு... ஒண்ணும் தப்பாத் தோணலையா?"

அவருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று புரியச் சற்று நேரமானது. "அதுவா? அங்க வேர்வை ஜாஸ்தி போலிருக்கு," என்றார். "நான் கேக்க வந்தது வேற. அந்தப் பெரியவர் படுத்துக்கிட்டே வழி சொல்றாரே, அது நெஜமா, சினிமாவுக்காகவா? நெஜம்னா எப்படி?"

எனக்கு அது தெரியும். படித்திருந்தேன். வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் ரூம் ஜன்னல் திறந்திருந்தது. அந்த அம்மாவைப் பஸ் ஸ்டாப் பக்கமாக நடத்திக்கொண்டே சொன்னேன். தூரத்தில் அடிக்கிற காற்று எழுப்பும் அலை நாள்கணக்கில் ஒரே திசையில் வரும், ஒரு தீவு குறுக்கே இருந்தால் வளைந்து திரும்பும், அந்த வித்தியாசம் பழகிய உடம்புக்குத் தெரியும் என்று. நெஜம்தான் என்றேன். அவர் நின்று நின்று கேட்டார். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி என்றார். அப்படித்தான் என்றேன்.

பஸ் வருகிற நேரத்தில் கேட்டார்: "ஏன் டீச்சர் இவ்ளோ மெதுவா பேசுறீங்க?"

தொண்டை சரியில்லை என்றேன். அவர் உடனே உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார்.

கல்வியாண்டு முடியும்வரை அங்கேயே இருந்தேன். பாடத்துக்கு வெளியே எதுவும் பேசவில்லை. அடுத்த வருஷம் குரோம்பேட்டையில் வேறு வேலை கிடைத்தது. நான் கிளம்பிய நாளில் தாளாளர் எனக்கு ஒரு சந்தன மாலை போட்டார். பிள்ளைகள் அந்த வருஷம் மறுபடியும் வண்டலூர் போனார்கள்.