மடியில் ஒரு திசைகாட்டி

நாங்குநேரியில் பேருந்து ஏறியபோது பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் ஒரு திசைகாட்டி இருந்தது. திருநெல்வேலியில் அதைப் பழுது பார்த்து வாங்கிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்பும் படகோட்டி அவர். வெயிலில் வெளுத்த புருவம், கழுத்தில் ஜெபமாலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூடியைத் திறந்து முள்ளைப் பார்த்துக்கொண்டார்.

நான் செல்போனை எடுத்ததும் முள் விலகியது.

"போனைப் பைய அங்கன தள்ளி வையுங்க சார்" என்றார். ஒருமுறை பாட்டுக் கேட்க வாங்கிய ஸ்பீக்கரைப் படகில் இதன் பக்கத்தில் மாட்டிவிட்டாராம். மழை மூட்டத்தில் முள்ளை நம்பி எவ்வளவோ தூரம் போயும் கரை வரவில்லை. முள்ளை இழுப்பது ஸ்பீக்கரின் காந்தம் என்று புரிந்து, அதைக் கழற்றிக் கடலில் வீசிய பிறகுதான் முள் திரும்பியது. படகில் இருந்த நாலு பேரும் வீடு வந்தார்கள்.

நான் வரலாற்று வாத்தியார், வாய் சும்மா இருக்காது. திசைகாட்டியும் காகிதமும் பழங்காலச் சீனர்கள் தந்தவை என்றேன்.

"இதச் செஞ்சவரு பேரு என்ன சார்?"

"தெரியாது. யாரும் எழுதி வைக்கல."

"காயிதமும் அவங்கதான் செஞ்சாங்கன்னு சொல்லுதீங்க. ஒரு பேர எழுதி வைக்கலியா?"

அவர் மூடியைத் துடைத்தார்.

"கல்லறைத் திருநாளுக்கு, செத்துப்போன எங்க அப்பாவுக்குப் பூசை வைக்கக் கோயில்ல பேரு எழுதிக் குடுக்கணும். அவரு பேருக்குக் கீழயே 'சீனக்காரர் ஒருத்தர்'னு எழுதிருதேன். பங்குச்சாமி கேட்டா, நாலு பேரக் கரை சேத்தவருன்னு சொல்லிக்கிடலாம்."

இத்தனை வருடமும் நான் திசைகாட்டியை ஒரு மார்க் கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறேன். அதைச் செய்த மனிதரும் ஒருநாள் செத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.