மாமாவின் துப்பாக்கிக்கு ஒரு மெத்தை

என் அக்கா ரேவதியின் கணவர் மாதவராஜ் மாமாவைப் பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் நெஞ்சை நிமிர்த்துவார். பட்டாளத்தில் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். சமையற்கட்டில். பனிமலையில் நின்று சப்பாத்தி போட்ட மனுஷன், ஓய்வு பெற்று வந்ததும் நல்லம்பள்ளியில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலுக்கு உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஊரில் அது துப்பாக்கிக்காரர் வூடு, அக்கா துப்பாக்கிக்காரம்மா. அந்தப் பேரைச் சொல்லி நாலு பேர் முன்னால் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே அக்கா ரேஷன் கடையில் கூட்டம் சேர்ந்த பிறகுதான் போய் நிற்பாள்.

வருஷத்துக்கு ஒருமுறை காவலாளிகள் எல்லாரும் மலையடிவாரத்தில் சுட்டுக் காட்ட வேண்டும். போன வருஷம் மாமா முதல் தோட்டாவைச் சுட்டதும், துப்பாக்கி உதைத்த உதையில் மல்லாந்து விழுந்தார். வங்கியின் பாதுகாப்பு அதிகாரி தூக்கி நிறுத்தி, அடுத்த வருஷமும் விழுந்தால் துப்பாக்கி திருமாலுக்கு, உங்களுக்கு ஏடிஎம் அறை என்று சொல்லிவிட்டார். திருமால் இன்னொரு கிளையில் வேலை பார்ப்பவன், இளவட்டம். ஏடிஎம் அறைக்காரருக்குக் கொடுப்பது வெறும் தடி.

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "அப்ப இனிமே நம்மள தடிக்காரர் வூடும்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் மாமாவுக்கும் சோறு இறங்கவில்லை.

தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டையின் அடியில் மாட்ட ரப்பர் மெத்தை இருக்கிறது, மாட்டினால் உதை தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த வருஷம் நாள் நெருங்கியதும், சேலத்துத் துப்பாக்கிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நான் மொரப்பூரில் பைக் சீட் தைக்கிறவன். மெத்தை விஷயத்தில் என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்பது அவர் எண்ணம். என் எண்ணமும் அதுதான்.

கடைக்காரர் மெலிசு, நடுத்தரம், தடிமன் என்று மூன்று எடுத்து வைத்தார். வைத்தவர் மாமாவைக் கையை மடக்கச் சொல்லி, முழங்கையிலிருந்து விரல் வரை அளக்க ஆரம்பித்தார். மாமாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் காதில், "ஒதை வாங்கறது தோளு மாப்ள. இவன் கைய அளக்கறான், தொழில் தெரியாதவன்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. மெத்தை என்றால் உட்கார்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும், என் கடையில் அதுதான் வழக்கம். மூன்றையும் ஸ்டூலில் ஒவ்வொன்றாகப் போட்டு மாமாவை உட்காரச் சொன்னேன். சுடப் போகிறீர்களா, ஓட்டப் போகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. தடிமன்தான் சுகமாக இருந்தது.

அதிலும் மாமாவுக்குத் திருப்தி வரவில்லை. அதனால் என் கடையில் அதன்மேல் நல்ல அடர்த்தியான ஸ்பாஞ்ச் வைத்து, ரெக்சின் சுற்றி, ஓரத்தில் சிவப்பு நாடா சுற்றிப் பைப்பிங்கும் கொடுத்தேன். செங்கல் தடிமன் வந்தது. துப்பாக்கி வங்கியில் பூட்டிக் கிடந்ததால் போட்டுப் பார்க்க முடியவில்லை. கட்டையின் அடியை மாமா பேப்பரில் வரைந்து வந்திருந்தார், அது போதும் என்று விட்டுவிட்டோம். இப்போதும் சொல்கிறேன், சீட்டாக இருந்தால் அதை எவனும் குறை சொல்லியிருக்க முடியாது.

சுட்டுக் காட்டும் நாளன்று, மெத்தையைத் துப்பாக்கியில் கயிற்றால் கட்டிவிட நானும் போனேன். திருமால் முதலில் சுட்டுவிட்டு மீசையை நீவிக்கொண்டு நின்றான். மாமா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கையை நீட்டினார், கழுத்தை நீட்டினார், உதட்டைக்கூட நீட்டினார். விரல் விசைக்குப் போய்ச் சேரவில்லை. மெத்தையின் தடிமனால் விசை அவ்வளவு தூரம் தள்ளிப் போயிருந்தது.

"எட்டலைங்க சார்" என்றார்.

அதிகாரி கிட்டே வந்து பார்த்தார். "என்னய்யா இது, மொபெட் சீட்டா?" என்றார். கூட்டமே சிரித்தது. திருமால் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். கழற்று என்றார் அதிகாரி. நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. மாமா பல்லால் பிய்த்து எறிந்தார். என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

கட்டையைத் தோளில் இறுக்கி அடித்து வைத்தார். என்னை அடிக்க வருகிறவர்போல ஒரு காலை முன்னால் போட்டு, முன்னுக்குச் சாய்ந்தார். "சீட்டு தைக்கறவனாம்" என்று ஒரு வெடி. "பைப்பிங்கு வெச்சானாம்" என்று ஒரு வெடி. தோட்டா மாற்றும்போதும் திட்டு ஓயவில்லை. என் தொழில், என் படிப்பு, எனக்குப் பெண் கொடுத்த வீடு எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வெடி கிடைத்தது. மனுஷன் அடித்த முளைபோல நின்றார்.

அதிகாரி கை கொடுத்தார். போன வருஷம் பயந்து பின்னால் சாய்ந்ததால்தான் விழுந்தீர்கள், இப்படி முன்னால் சாய்ந்து நின்றால் உதை ஒன்றும் செய்யாது, துப்பாக்கி உங்களிடமே இருக்கட்டும் என்றார். அப்புறம் என்னைக் காட்டி, இவரை வருஷா வருஷம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். மாமாவைத் திருப்பி நிறுத்தி முதுகைப் பார்த்தாள். சட்டையில் மண் ஒட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். பிறகு என் பக்கம் திரும்பி, மெத்தை உதவியதா என்று கேட்டாள். நான் மாமாவைப் பார்த்தேன். போட்டுக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒந்தம்பி மட்டும் இல்லைன்னா இன்னிக்கு நான் வுழுந்திருப்பேன்" என்றார் மாமா.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாளை மதில்மேல் எட்டிக் கூப்பிட்டு, தன் தம்பி தொழிலில் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொல்லத் தொடங்கினாள். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மூடிக்கொண்டேன்.