சீட்டில் போட்ட எக்ஸ்

ஆந்திர எல்லை ஊரான நகரியில் என் வீட்டுக்காரி இந்த வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தாள். முதல் கணக்கில் எக்ஸ் ஐந்து என்று வந்ததும், மிச்சக் கணக்கு எல்லாவற்றிலும் எக்ஸுக்கு ஐந்தையே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

“கணக்குக்குக் கணக்கு எக்ஸ் மாறும்டி” என்றேன்.

“காலையில அஞ்சு, சாயங்காலம் எட்டா? அப்பிடி ஆளை நான் வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “திருப்பதி பஸ்ஸுல ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போடுறோமே, அந்தத் துண்டுதான் எக்ஸ். ஒரு நாள் நான் உக்காருவேன், ஒரு நாள் நீ, ஒரு நாள் உங்கம்மா. துண்டு ஒண்ணுதான், உக்கார்ற ஆளு பஸ்ஸுக்கு பஸ் வேற!”

புரிந்ததென்று தலையாட்டினாள். நான் பெரிய வாத்தியார் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் திருப்பதி பஸ்ஸில் துண்டைப் போட்டுவிட்டு முண்டியடித்து ஏறினால், என் துண்டின் மேலேயே ஒரு பெரிய ஆள், மடியில் பலாப்பழத்தோடு சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். நான் தமிழில் கத்தினேன். அவர் தெலுங்கில் கத்தினார்.

வீட்டுக்காரி பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள்.

“இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற? எக்ஸுக்கு விடை வந்துடுச்சி. கம்முனு நின்னுக்கினு வா.”