நானூற்றுப் பன்னிரண்டாவது ஆணி

நானூற்றுப் பதினொன்றாம் வில்லையைத் துடைத்து மாட்டிவிட்டு, பக்கத்து வெற்று ஆணியை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, நானூற்றுப் பதின்மூன்றுக்குப் போகிறாள். எலுமிச்சைத் தோலும் சாம்பலும்தான் அவளுடைய பாலிஷ். ஐந்நூறு ஆணிகள், நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பித்தளை வில்லைகள். நாளுக்கு ஒரு வரிசை. கடைசி வரிசை முடிவதற்குள் முதல் வரிசை கறுத்துவிடும்.

வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் எண் பொறித்த வில்லையைக் கையோடு எடுத்துப் போவான். ஏறி வந்ததும் பலகையில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். எழுத்து வாசனையே இல்லாதவனுக்கும் புரிந்த பாஷை அது. இன்று சுரங்கம் கண்காட்சி ஆகிவிட்டது. சுற்றுலா வருகிறவர்களும் விளையாட்டுப்போல ஆளுக்கொரு வில்லை எடுத்துப் போகிறார்கள். ஜன்னலருகே உட்கார்ந்து எண், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்று மூன்று கட்டத்தில் எழுதிக்கொள்வது அவள் வேலை. வயது அறுபத்து நாலு. தலை நரைத்தவர்களுக்கும் அவள் 'வில்லையக்கா'தான்.

"தலையக் குனிங்க, இடிக்கும்" என்பாள். "துரைமாருங்க யாரும் குனிஞ்சதில்ல. உள்ள வந்தாத்தானே குனியறதுக்கு!"

டிக்கெட் கொடுப்பவனுக்கு அவளிடம் ஒரே குறை. "ஒரு பேயையாவது அவுத்து விடுக்கா. கூட்டம் பிச்சுக்கும்."

"பேய்னு ஒண்ணு இருந்திருந்தா கம்பெனிக்காரன சும்மா விட்டிருக்குமாடா?"

கழிவு மண் கொட்டிக் கொட்டி எழுந்த மொட்டைக் குன்றுகளும், வெட்டிய பள்ளத்தில் தேங்கிய பச்சை ஏரியும்தான் ஊருக்கு இப்போது பேர் வாங்கித் தருகின்றன. ஏரியைப் பார்த்து எல்லோரும் அழகு என்கிறார்கள். அழகுதான், அதில் ஒரு மீன் தங்கியதில்லை. குன்றின்மேல் துரையின் நாய்க்குச் சலவைக்கல்லில் கல்லறை உண்டு. பெயர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் பொறித்திருக்கிறது.

அவளுடைய அப்பாவுக்குக் கல் இல்லை. அவள் எட்டு வயதில் இருந்தபோது மூன்றாம் தளத்தில் கூரை சரிந்தது. நான்கு உடல்கள் வெளியே வந்தன. ஐந்தாவதைத் தோண்டினால் பத்து நாள் உற்பத்தி நின்றுவிடும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. குகைவழியைச் செங்கல் வைத்து அடைத்தது. பதிவேட்டில் அப்பாவின் எண்ணான 412க்கு எதிரே சிவப்பு மையில் ஒரே சொல்: 'ஓடிப்போனான்.' அதை எழுதக் குமாஸ்தாவுக்கு ஒரு நொடி ஆகியிருக்கும். ஓடிப்போனவன் பொண்டாட்டியாகவே அம்மா செத்தாள். ஓடிப்போனவன் மகள் என்பதற்காகவே இவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்கள். அந்தப் பதிவேடு இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பொய்க்குப் பூட்டுப் போட்டுக் காவல் காக்கிறது அரசாங்கம். அதற்கு எதிர்ச்சாட்சி அந்த வெற்று ஆணி ஒன்றுதான்.

நாற்பது வீடுகள் கொண்ட தொழிலாளர் வரிசையில் இப்போது விளக்கு எரிவது அவள் வீட்டில் மட்டும். வாசல் தாண்டியதும் ரேடியோவைப் போட்டுவிடுவாள்; யார் பேசுகிறார்கள் என்பதுபற்றிக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி தொலைபேசியில் கேட்பான்: "இன்னும் அங்க யாருக்குக்கா காவல் இருக்க?"

"மழை வரும்போல இருக்கு, துணி காயுது. வச்சிரு."

போன வாரம் புது மேலாளர் வந்தார். பலகையைப் பார்த்து முகம் சுளித்தார். "வரிசையில ஓட்டைப் பல்லு மாதிரி இளிக்குதே! பத்திரிகைக்காரங்க வர்றாங்கம்மா." நகரத்தில் அச்சடித்து வாங்கிய புது 412ஐப் பையிலிருந்து எடுத்தார்.

"அது காலியா இருக்கறதுதான் சார் சரி."

"ஒண்ணு தொலைஞ்சா புதுசு போடறதில்லையா?"

"தொலையல சார். உள்ள இருக்கு."

"உள்ளன்னா எங்க?"

"எங்கப்பா சட்டைப் பையில."

மேலாளர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "ரெக்கார்டுல அப்படி இல்லையேம்மா" என்று சொல்லிக்கொண்டே புது வில்லையை மாட்டினார். ஐம்பத்தாறு வருடம் காலியாக இருந்த ஆணி ஒரு நொடியில் நிறைந்தது. அன்று அவள் அந்த வரிசையைத் துடைக்கவில்லை.

நேற்று பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மேலாளர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அவர்களோடு புறப்பட்டார். எல்லோருக்கும் வில்லை கொடுத்தவள், கடைசியாக அவரையும் நிறுத்தினாள்.

"வில்லை எடுக்காம உள்ள விடக்கூடாது சார். நீங்க கையெழுத்துப் போட்ட ரூல்தான்."

"எனக்குமா?" என்று சிரித்தார்.

"துரையானாலும்."

412ஐக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். செங்கல் சுவருக்கு முன்னால் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்த கையோடு, ஏரியில் வெயில் சாய்வதற்குள் அங்கேயும் படம் எடுக்க வேண்டும் என்று விருந்தினர்களைக் காரில் ஏற்றினார். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வில்லையை ஜன்னலில் வைத்துவிட்டு ஏறினார்கள். மேலாளரின் மெல்லிய வெள்ளைச் சட்டைப் பைக்குள் பித்தளை வட்டமாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, ஜன்னலில் கிடந்த மற்ற வில்லைகளை எடுத்துப் பலகையில் மாட்டப் போனாள். கார் குன்றைச் சுற்றி மறைந்தது.

"வரேன்க்கா" என்று டிக்கெட்காரனும் போய்விட்டான். வௌவால்கள் கிளம்பும் நேரம். தினமும் செய்வதுபோலக் குகை வாயில் நின்று, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். அவள் குரலே கொஞ்சம் தேய்ந்து திரும்பி வந்தது. அது அடங்கும்வரை நின்றாள்.

பூட்டும் முன் அன்றைய பதிவேட்டில் ஒரு கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது விதி. ஜன்னலருகே வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு வரிகளில் முப்பது நிறைந்திருந்தன. பலகையில் ஓர் ஆணி காலி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, 412க்கு நேரே, 'வெளியே வந்த நேரம்' என்ற கட்டத்தில், ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினாள்: 'வரவில்லை.'