சித்திக்கு மட்டும் வந்த நாற்றம்

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். லகாட் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு லயத்து வீட்டிலேயே இருந்தாள். மரம் சீவுவதில் அவள் கை சுத்தமான கை. பால் வடியும் மங்குகளைத் துடைத்து வைக்க நான் கூடப் போவேன்.

சித்தியிடம் ஒரு ரகசியம் இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். வேலை நடுவில் திடீரென்று, "முடி கருகுற நாத்தம் வருது" என்பாள். எனக்கு ஒன்றும் வராது. அடுத்த நொடி கண்கள் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். வெற்றிலை மெல்வதுபோல வாய் அசையும். விரல்கள் முந்தானையை நிமிண்டும். கூப்பிட்டால் கேட்காது. நூறு எண்ணுவதற்குள் திரும்பிவிடுவாள். நடந்தது எதுவும் நினைவிருக்காது. "நாத்தம்னு சொன்னா கத்திய வாங்கிக்க. அம்மாகிட்டகூட மூச்சு விடாத" என்று, தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒரு காலை, பால் நிறுக்கும் கொட்டகையில் கங்காணியின் எதிரிலேயே அது வந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் வாளி சாய்ந்து பால் முழுவதும் தரையில் ஓடியது. கங்காணி கத்தினார். சித்தி அவரையே பார்த்தபடி வாயை மென்றாள். பழித்துக் காட்டுகிறாள் என்று அவர் பிரம்பை ஓங்கினார். அந்தப் பார்வையைக் கண்டதும் ஓங்கிய கை பாதியில் நின்றது.

"இது அவ இல்ல. காத்து புடிச்சிருக்கு" என்றார்.

உச்சி வெயிலில் சித்தியைக் கோயில் முன் உட்கார வைத்துக் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குள் அவள் நன்றாகத் தெளிந்திருந்தாள்.

"யாருடி நீ? எந்த மரத்துலேருந்து வந்த?" என்று பூசாரி சாட்டையை வீசினார். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா அழுதாளே தவிர, தடுக்கவில்லை. பேய் இறங்க வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

இரண்டாவது அடி விழுந்ததும் நான் ஓடினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒன்றையே திரும்பக் கேட்டார்.

"மணம் வந்த பிறகுதானோ பார்வை நிக்கிறது?"

"ஆமாங்க ஐயா, எப்பவும் நாத்தந்தான் முன்னாடி வரும்."

அவர் குடையைக்கூட எடுக்காமல் நடந்தார்.

"நிப்பாட்டும்! இது பேயில்லை, வலிப்பு."

"வலிப்புன்னா கீழ விழுந்து நுரை தள்ளணும்லா?" என்றார் கங்காணி.

"எல்லா வலிப்பும் ஆளை விழுத்தாது. இது மூளையிலை காதுப் பக்கமா வாறது. அந்த மணந்தான் அதின்ரை தொடக்கம். பெரியாஸ்பத்திரியிலை இப்பிடி ரெண்டு பேரைக் கண்டனான்."

சாட்டை கீழே இறங்கியது. சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன்.

உப்புக் கரிக்கும் மருந்துத் தண்ணீரைத் தினமும் குடித்தாள். நாற்றம் வருவது குறைந்தது. கத்தியை வாங்கிக்கொண்டு அவளைக் களை பிடுங்க அனுப்பினார்கள். தைப்பிங்கிலிருந்து பெண் கேட்டிருந்தவர்கள், வலிப்புக்காரி வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். சித்தி என்னோடு பேசவே இல்லை. வெகுநாள் கழித்துப் பேசியபோது, "இன்னும் நாலு அடிதானே, வாங்கியிருப்பேன்லா" என்றாள்.

அடி நின்றதற்குப் போய் ஏன் வருத்தப்படுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பேய் ஒருநாள் இறங்கிப் போய்விடும், போனபின் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமும் நடக்கும். வலிப்பு என்று ஒருமுறை சொன்னால் அந்தப் பேச்சு இறங்கவே இறங்காது. இது எனக்குப் புரிய, என் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் காலம் வர வேண்டியிருந்தது.