நான்கு தட்டு இடம்

என் மேசை இழுப்பறையில் ஒரு கார்பன் நகல் கிடக்கிறது. ஒரே வரி ஆங்கிலம். அதைத் தட்டெழுதியவன் நான்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். கொழும்புக்குத் தோணி விடும் தூத்துக்குடிக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே பெரிய கிளார்க்குக்கு ஒரு சட்டம் உண்டு. தோணியை ஓட்டிப்போகும் தண்டலுக்குக் கொடுக்கும் உத்தரவில், 'யூ ஆர்' என்பதற்கும் 'டு செயில்' என்பதற்கும் நடுவே, வழக்கமான இடத்துக்கு மேல் நான்கு தட்டு இடம் விடவேண்டும்; பாய் ஏற்றிப் புறப்படு என்று அர்த்தம். காரணம் கேட்டால், "எழுத்துக்கும் மூச்சு வேண்டாமாடே" என்பார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, அந்த ஆளையும்தான்.

நம் மொழியில் 'போ' என்பதைப் 'போகாதே' ஆக்க வினையையே மாற்றவேண்டும். ஆங்கிலத்தில் 'டு'வுக்கு முன்னால் 'நாட்' என்ற மூன்றெழுத்துக் குட்டிச் சொல்லைச் செருகினால் தீர்ந்தது. மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கும். எங்கள் துரையோ வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர். ஒருநாள் கையெழுத்தான தாளைப் பெரிய கிளார்க் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். உள்ளே டைப்ரைட்டர் மூன்றே முறை தட்டியது. அன்று எங்கள் தோணி கிளம்பவில்லை. காற்று அடங்கியதும் எதிர்க் கம்பெனித் தோணி முந்திக்கொண்டது. மனுஷன் விலைபோய்விட்டார் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த உத்தரவை இடம் விடாமல் நெருக்கி அடித்தேன். துரை கையெழுத்திட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். பெரிய கிளார்க் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடம் எங்கடே?"

"எதுக்கு எடம்? வேணும்னா தொரை வந்ததும் கேட்டுச் சொல்லுதேன்."

என் குத்தல் அவருக்குப் புரிந்திருக்கும். தாளோடு துறைக்கு நடந்தார். யாரைச் சந்திக்கிறார் என்று வேவு பார்க்க நானும் பின்னால் போனேன். அவர் தண்டலிடம் தாளைக் கொடுத்துவிட்டு, "காத்து சரியில்ல, இன்னைக்குப் பாய் ஏத்தாதடே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தண்டல் தாளை அங்கிருந்த ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொன்னார். "போன்னுல்லா இருக்காம் அண்ணாச்சி. போகலைன்னா நாளைக்கு எனக்குத் தோணி தருவாவளா?"

அப்போதும், இது என்ன நாடகம் என்றுதான் நினைத்தேன்.

தோணி திரும்பவில்லை. அதில் போன ஒன்பது பேரும் திரும்பவில்லை. துறையில் வேறொரு தண்டல் என்னிடம் சொன்னார்: "போன தடவ எங்களுக்குப் போகாதன்னு தாள் தந்தவரு உங்க பெரிய கிளார்க்குதான். அன்னைக்குப் போயிருந்தா நாங்களும் இல்ல. இந்தத் தடவ ஏன் அப்படித் தரலன்னுதான் வெளங்கல."

எனக்கு விளங்கியது. பெரிய கிளார்க் கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நகலை இன்றும் எடுத்துப் பார்த்தேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு தட்டு இடம்தான். பிழை ஒன்றும் இல்லை. சுத்தமாக அடித்திருக்கிறேன்.